வலப்பக்கம் நாலு விரல் கூடுதல்

மௌனி சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறார் என்று கட்சி அலுவலகத்து ஆள் சொல்லிவிட்டுப் போனபோது நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. அண்ணி வாயில் பிடித்திருந்த குண்டூசிகளைக்கூட எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சரி, வரட்டும் என்று அர்த்தம்.

அந்த ஆள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தேன்.

"உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா அண்ணி? அந்த ஆளுக்கா சட்டை தைக்கப் போறீங்க?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"அளவு எடுக்கணும்னா கிட்ட வந்துதானே ஆகணும். வரட்டும்."

இந்த அண்ணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் அண்ணன் மனைவி. வாயில் குண்டூசி இருப்பதால் பேசாமல் இருக்கிறாளா, பேசக்கூடாது என்றே குண்டூசியைக் கவ்விக்கொள்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன். எங்கள் கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். வாசலோரம் அண்ணன் மெஷின், அதையொட்டி என்னுடையது. நடுவில் வெட்டு மேசை. கடைசியில் ஒரு நிலைக்கண்ணாடி, சட்டையைப் போட்டுப் பார்க்க ஒரு திரை மறைப்பு. சுவர் முழுக்க ஆணி. ஆணி முழுக்க அட்டைகள். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் அளவுப்படி வெட்டிவைத்த அட்டைகள் அவை. பாதிக்கு மேல் என் அண்ணன் வெட்டியவை.

அண்ணனை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இயக்கம் இயக்கமாக இருந்த காலத்தில் அவர்கள் ஊருக்குள் வந்து போக ஒரு சட்டை தேவைப்பட்டது. சாதாரணச் சட்டை, ஆனால் இடுப்பில் துப்பாக்கி இருப்பது தெரியக்கூடாது. அண்ணன் யோசித்து ஒரு வெட்டு கண்டுபிடித்தான். வலப்பக்கம் மட்டும் அக்குளுக்குக் கீழே நாலு விரல் கூடுதலாக விட்டு, அதை முதுகுப் பக்கம் ஒரு மடிப்பில் ஒளித்துவிடுவான். நின்றால் நேராக விழும். கை உள்ளே போனால் தாராளமாக இடம் கொடுக்கும். கண்ணாடி முன்னால் தானே போட்டுப் பார்த்து, என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது தெரியுதா சொல்லு" என்று திரும்பித் திரும்பிக் காட்டினான். அவன் தொழில்மேல் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். நானும் கை தட்டினேன். யாருக்காக, எதற்காக என்றெல்லாம் யோசிக்கிற வயசில்லை.

அந்த இயக்கத்தில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர்தான் மௌனி. அது அவர் பட்டப்பெயர். வாயைத் திறக்காமலே வேலையை முடிக்கிறவர் என்று வைத்த பெயர். 'அவர்' என்றுதான் இப்போதும் எழுத வருகிறது. பயத்தில் பழகிய மரியாதை, அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் அவருடைய ஆட்கள் சிலர் போலீஸில் சிக்கினார்கள். போலீஸ் மற்றவர்களை விட்டுவிட்டு அவர்களை மட்டும் நிறுத்தி, நேராக வலது இடுப்பில் கை வைத்தது. தப்பி ஓடிய ஒருவனைச் சுட்டார்கள். சட்டையின் ரகசியத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று இயக்கம் முடிவு கட்டியது. சட்டையைப் போட்டவர்களுக்கும் அந்த ரகசியம் தெரியும்தான். ஆனால் சந்தேகம் கத்தரி பிடித்தவன்மேல் விழுந்தது.

ஒரு மத்தியான வேளையில் இரண்டு பேர் வந்தார்கள். "மாஸ்டரைக் கொஞ்சம் விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அண்ணன் பாதி வெட்டிய துணியை மேசையிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு போனான். "இதோ வந்துடறேன், துணியைக் கலைக்காதே" என்று அண்ணியிடம் சொன்னான். அந்தத் துணியை அண்ணி வெகு நாள் கலைக்கவில்லை. துணிக்குச் சொந்தக்காரரும் வந்து கேட்கவில்லை. கேட்க அவருக்கும் பயம்.

போய்க் கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். எங்களிடம் இல்லை. அனுப்பிவிட்டோமே, வரவில்லையா? அண்ணி பொட்டை அழிக்கவும் இல்லை, கண்ணாடி பார்த்து வைத்துக்கொள்ளவும் இல்லை. குத்துமதிப்பாக வைப்பாள், சில நாள் கோணலாக இருக்கும். உறவுக்காரர்கள் வந்து, "ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணும்மா" என்பார்கள், ஏதோ அவள் கையில்தான் முடிவு இருப்பதுபோல. கடையை மட்டும் அவள் விடவில்லை. அண்ணன் மெஷினில் உட்கார்ந்தாள். அதில் உட்கார்ந்தால் தெரு தெரியும் என்றாள்.

பிறகு காலம் மாறியது. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம். துப்பாக்கிகளை ஒரு இரும்புப் பெட்டகத்தில் போட்டுப் பூட்டி, வெளிநாட்டுக்காரர்கள் சீல் வைத்ததை டிவியில் காட்டினார்கள். இயக்கம் கட்சியானது. சாக்குமூட்டை அடுக்கிக் காவல் நின்ற இடத்தில் சமரசச் சின்னமாகச் செடி வைத்தார்கள். முகத்தைத் துணியால் மூடித் திரிந்தவர்கள் சுவர் சுவராக முகத்தை ஒட்டினார்கள். மௌனிக்குத்தான் பெரிய கஷ்டம். வாயே திறக்காத மனிதரை வேட்பாளராக்கி, 'மக்களின் குரல்' என்று போஸ்டர் அடித்தால் என்ன செய்வார்? பேசக் கற்றுக்கொடுக்க ஆள் வைத்தார்களாம். சிரிக்கக் கற்றுக்கொடுத்தது யாரென்று தெரியவில்லை.

அந்தச் சிரிப்பை எங்கள் கடை ஷட்டரிலும் கேட்காமலே ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவர் முகம் சுருண்டுகொண்டு மேலே போகும். மாலையில் இறக்கினால் மறுபடி சிரித்தபடி வந்து நிற்கும். கிழித்துப் போடுகிறேன் என்றேன். அண்ணி வேண்டாம் என்றாள். கடைக்குள் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் தலைக்குமேல் அந்த முகம் சுருண்டு கிடக்கிறது என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

மௌனி வந்தார். கூட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். உடம்பு போட்டிருந்தது, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. "எப்படி இருக்கீங்க அக்கா?" என்றார். அண்ணி நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தோள், மார்பு, கை நீளம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒன்றைக் கவனித்தேன். வலது கையை அவர் உடம்போடு ஒட்டவிடவில்லை. அங்கே இன்னும் ஏதோ இருப்பதுபோலக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்.

வெளிர் நீலம்தான் வேண்டுமாம். அது நம்பிக்கை தரும் நிறம் என்று கட்சியின் பத்திரிகைத் தொடர்பாளர் சொல்லியிருக்கிறார். அந்தத் தொடர்பாளர் ஒரு இளைஞர், பெரிய கண்ணாடி போட்டவர், இயக்கக் காலத்தில் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவர். எங்கள் தெருவில் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

அளவெடுத்து முடிந்ததும் அண்ணி கேட்டாள்.

"அவரைப் பத்தி ஏதாவது சொல்லுவீங்களா?"

மௌனி நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இயக்கக் காலம் அக்கா. அதைப் பத்திப் பேசறதில்லைன்னு கட்சி முடிவு எடுத்திருக்கு."

"சரி. சட்டை புதன்கிழமை ரெடியா இருக்கும்" என்றாள் அண்ணி.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதானா, இதற்குத்தான் கிட்ட வரட்டும் என்றீர்களா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஆணியிலிருந்து அட்டையை எடுத்து, நீலத் துணிமேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். நான் கத்திய கத்தலில் அவள் எந்த அட்டையை எடுத்தாள் என்று இருவருமே பார்க்கவில்லை.

மௌனியின் பழைய அட்டை அது. அண்ணன் கையெழுத்தில் பட்டப்பெயர் எழுதியது. வயிற்றுக்கும் தோளுக்கும் புது அளவுப்படி கூட்டியவள், வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள். மடிப்பையும் அண்ணன் வைத்த இடத்திலேயே வைத்துத் தைத்தாள். பட்டன் வைத்த எனக்கும் தெரியவில்லை, தேய்த்து மடித்தபோதும் தெரியவில்லை. அந்த வெட்டின் சாமர்த்தியமே அதுதானே.

முதல் பெரிய கூட்டம் மைதானத்தில். மேடை உயரம், வெட்டவெளி. மௌனி மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த மக்களே" என்று ஆரம்பித்ததும் காற்று அடித்தது. சட்டையின் வலப்பக்கம் மட்டும் பொம்மென்று புடைத்தது. அதை அமுக்க அவர் கை சட்டென்று இடுப்புக்குப் போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். சொல்லிக் கொடுத்து வருகிற ஓட்டமா அது? உடம்புக்கு ஞாபகம் இருந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன, செருப்புகள் கிடந்தன. மேடையில் அவர் தனியாக, இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான். ஆயுதத்தை ஒப்படைத்தது நாடகமா என்று கேட்டிருந்தார்கள். ஒப்பந்தக் கண்காணிப்புக் குழு விளக்கம் கேட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அவர் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்யச் சொன்னார்கள். சாலையில் எடுத்துவிட்ட சோதனைச் சாவடியை மறுபடி கொண்டுவந்து போட்டார்கள். கடைத்தெருவில் சாயங்காலமே ஷட்டர்கள் இறங்கின. பழைய நாட்கள் திரும்பி வந்துவிடுமோ என்று பால்காரர்கூடக் கேட்டார்.

கண்ணாடி மூச்சு வாங்க ஓடி வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நாளைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி நீங்களே வந்து, தையல்ல தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லணும். இல்லன்னா எல்லாம் போச்சு. கட்சி போச்சு, ஒப்பந்தம் போச்சு!"

"தெரிஞ்சேவா பண்ணீங்க?" என்று நான் அண்ணியைக் கேட்டேன்.

"இல்ல. கை தானா அந்த அட்டையை எடுத்துடுச்சு" என்றாள். நான் நம்பினேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பேசுகிறவர்களுக்குத்தான் பொய் வரும்.

பிறகு கண்ணாடியிடம் திரும்பி, "அவரையே வரச் சொல்லுங்க. தனியா" என்றாள்.

வந்தார். உச்சி வெயில் நேரம், தெருவில் ஆளில்லை. வாடிக்கைக்காரர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னை வெளியே போகச் சொல்வதுபோல அண்ணி பார்த்தாள். நான் போகவில்லை. அவளுக்குப் புருஷன் என்றால் எனக்கு அண்ணன்.

"நான் வர்றேன்" என்றாள் அண்ணி. "என்ன நடந்துச்சோ அதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. அவர் எங்க?"

"அக்கா, கட்சி முடிவுன்னு அன்னிக்கே..."

"நாங்க கட்சி இல்லை" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். "துப்பாக்கி இருந்தப்ப நாங்க கேப்போம், மத்தவங்க பதில் சொல்லுவாங்க. இப்ப நாங்க பதில் சொல்ல வேண்டியிருக்கு. பழகலை" என்றார். அண்ணி பக்கம் திரும்பி, "அவர் இல்லை அக்கா. அன்னிக்கே முடிஞ்சுது" என்றார்.

அன்றைக்கே. துணியைக் கலைக்காதே என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே. இத்தனை வருஷம் தெருவைப் பார்த்து மெஷின் மிதித்தாளே, எல்லாம் அதற்குப் பிறகு.

"யாரு?" என்றாள் அண்ணி.

"நான்தான். பசங்க யாரும் மாஸ்டர்மேல கை வைக்க மாட்டேன்னுட்டாங்க."

"எங்க வச்சிருக்கீங்க?"

"மரவாடிக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருந்துச்சு. இப்ப அதுமேல பஸ் ஸ்டாப் வந்துடுச்சு. கழுத்துல இருந்த நாடாவை எடுக்கலை. அதோடதான்..."

நான் தினமும் பஸ் ஏறுகிற நிறுத்தம் அது. வெயிலுக்கு ஒதுங்கி, போனில் வம்பளந்து, வேர்க்கடலைத் தோலைக் கீழே போட்டு நின்றிருக்கிறேன். என் உள்ளங்கால் கூசியது. கத்தரி மேசையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுக்க நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அக்கா" என்றார் மௌனி. "பேச்சுவார்த்தை நடந்தப்ப டீ குடிக்க எழுந்தோம். எதிர்த்தரப்பு அதிகாரி ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். 'உங்க பசங்களைப் பாலத்துல பிடிக்க எங்களுக்கு ஒற்றனே தேவைப்படலைங்க. காத்து அடிச்சுது. வரிசையா வந்தவங்க எல்லாருக்கும் ஒரே பக்கமா சட்டை பொம்முன்னு எழும்புச்சு, போய்க் கை வச்சோம்'னார். எல்லாரும் சிரிச்சாங்க. சமாதானம் பேசப் போன இடம். நானும் சிரிச்சேன், அக்கா. சிரிச்சுட்டேன்."

கடைக்குள் காற்றே இல்லை. ஆணியில் தொங்கிய அட்டைகள்கூட ஆடவில்லை.

அண்ணி கேட்டாள், "அன்னிக்கு நீங்க எந்தச் சட்டை போட்டிருந்தீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் வலது கை மெல்ல இடுப்புக்குப் போய், ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றது.

"மாஸ்டர் தச்சதுதான்."

"அப்ப உள்ள துப்பாக்கி இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது. அவர் என் மூஞ்சியைப் பாக்கலை. இந்தப் பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தார்."

அண்ணி அழவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல், மெஷின்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதேன். நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

மறுநாள் கட்சி அலுவலக மாடியில் மேசை நிறைய மைக். ஒரு பக்கம் மௌனி, ஒரு பக்கம் கண்ணாடி, நடுவில் அண்ணி. நான் சுவரோரம் நின்றேன். இவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் அரசியலில் இருக்க முடியாது. சொல்லட்டும் என்று மனசு துடித்தது. சொன்னால் சோதனைச் சாவடியில் மறுபடி சாக்குமூட்டை ஏறுமே என்று அதே மனசு பயந்தது. இரண்டும் என் மனசுதான்.

அண்ணி நீலச் சட்டையை மேசையில் விரித்து, பக்கத் தையலைப் பிரித்துக் காட்டினாள்.

"இது என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச வெட்டு. உள்ள துப்பாக்கி வைக்க இடம் விட்டது. பழைய அட்டையை எடுத்து வெட்டிட்டேன், என் தப்பு. இப்ப அந்த இடத்துல ஒண்ணும் இல்லை."

"அப்ப அன்னிக்கு மேடையில தெரிஞ்சது என்னங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"காத்து" என்றாள் அண்ணி. பிறகு மௌனியின் பக்கம் திரும்பினாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. "வெறும் காத்துதான். யாரும் காட்டிக் குடுக்கலை."

பத்திரிகைக்காரர்கள் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது எதற்கென்று அவர்களுக்கு விளங்கவில்லை. மௌனி முகத்தில் அத்தனை கேமரா முன்னால் அந்தக் கற்றுக்கொண்ட சிரிப்பு வரவில்லை. இத்தனை மைக் இருந்ததே, அந்த வீட்டுக்காரர் இப்போது எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

படியிறங்கும்போதே கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணி அந்த ஆளைக் காப்பாத்தினீங்க?"

"அவனுக்காகவா சொன்னேன்?" இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவரை அவன் என்றாள். "உங்க அண்ணனுக்காகச் சொன்னேன். அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தர் இல்லை."

மௌனி ஜெயித்தார். சட்டசபையில் உட்கார்ந்திருப்பதை டிவியில் காட்டுகிறார்கள். நன்றாகப் பேசுகிறார், சாலை கேட்கிறார், மருத்துவமனை கேட்கிறார், கிடைக்கவும் செய்கிறது. எதிரில் யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் வலது கை இடுப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. சட்டை வேறு எங்கோ தைக்கிறார். அவருடைய அட்டை இன்னும் எங்கள் ஆணியில்தான் தொங்குகிறது. அண்ணன் கையெழுத்து இருப்பதால் அண்ணி எறிய விடவில்லை.

நான் இப்போது ஒரு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் பஸ் ஏறுகிறேன். அண்ணி மரவாடி நிறுத்தத்திலேயே ஏறுகிறாள். பஸ் வந்து நிற்கும், கண்டக்டர் கூப்பிடுவார், அவள் ஏற மாட்டாள். அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவாள்.